ஹாக்னியா, பிரைவேட் ஹயரா, வேறு ஊர் பிளேட்டா? இங்கிலாந்தில் டாக்சி எடுக்கப்போகிறவர்களுக்கு

"அண்ணா, டாக்சி ஓட்டலாம் என்று யோசிக்கிறேன். நல்ல பிரியஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கவுன்சிலில் பிளேட் எடுத்தால் மலிவு?" இந்தக் கேள்வி பல வடிவங்களில் வருகிறது. பிளேட் என்பது காருக்கான டாக்சி உரிமத் தகடு. தெருவில் கை காட்டுபவரையும் ஏற்றலாம் என்றால் அது ஹாக்னி, முன்பதிவுப் பயணம் மட்டும் என்றால் பிரைவேட் ஹயர். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் காரைப் பார்த்துவிட்டுத்தான் கவுன்சிலைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் வேலை எங்கிருந்து வரும் என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த வேலைக்கு ஏற்ற கவுன்சில், பிறகு ஓட்டுநர் பேட்ஜ் (உங்களுக்கான உரிமம்), கடைசியில்தான் கார். பேட்ஜுக்கான குற்றப்பதிவுச் சோதனையும் மருத்துவச் சான்றிதழும் ஊர் அறிவுத் தேர்வும் முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை வாசலில் நிற்கும் காருக்குத் தவணை கட்டுவது வீண்.

இங்கிலாந்தில் 260-க்கும் மேற்பட்ட உரிம அதிகார அமைப்புகள் இருக்கின்றன. லண்டன் முழுவதற்கும் டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து அமைப்பு) ஒன்றுதான். மற்ற இடங்களில் அந்தந்த ஊர்க் கவுன்சில். கவுன்டி கவுன்சிலும் மாவட்டக் கவுன்சிலும் தனித்தனியாக இருக்கும் பகுதிகளில் மாவட்டக் கவுன்சிலிடம்தான் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விதிப்புத்தகம் உண்டு. ஒரு கவுன்சில் சந்தோஷமாக ஏற்கும் காரை ஐந்து மைல் தள்ளி இருக்கும் கவுன்சில் வாசலோடு திருப்பி அனுப்பும்.

## எதை வைத்து எடைபோடுவது?

உரிமக் கட்டணத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். கவுன்சில்கள் அந்தக் கட்டணத்தில் லாபம் பார்க்கக் கூடாது, நிர்வாகச் செலவை மட்டுமே ஈடுகட்டலாம் என்பது சட்டம். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஓர் ஆண்டுக் காப்புறுதிக்குப் பக்கத்தில் வைத்தால் அது சில்லறை. பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, வேலை எங்கே கிடைக்கும்: தரிப்பிடத்திலா, ஊபர் போன்ற செயலியிலா, உள்ளூர் டாக்சி அலுவலகத்திலா, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஒப்பந்தத்திலா, விமான நிலையப் பயணத்திலா? இரண்டாவது, காரின் வயது, புகை, நிறம், கண்ணாடி, கேமரா பற்றிக் கவுன்சில் என்ன கேட்கிறது? மூன்றாவது, கார் வேலையின்றி நிற்கும் நாட்கள். வாகன உரிமம் அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். அந்த ஓராண்டுக்குள் மூன்று முறை வரை சோதனைக்கு அழைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

நான்காவதை யாரும் கேட்பதே இல்லை: வீட்டில் அந்தக் காரை வேறு யார் ஓட்டுகிறார்கள்? லண்டனுக்கு வெளியே, ஒரு கார் டாக்சியாக உரிமம் பெற்றுவிட்டால் இருபத்துநான்கு மணி நேரமும் அது டாக்சிதான். ஹாக்னிக்கும் பிரைவேட் ஹயருக்கும் நீதிமன்றங்கள் இதை உறுதி செய்திருக்கின்றன. பிரைவேட் ஹயர் குறித்த தீர்ப்பு 1997-இல் வந்தது. பேட்ஜ் இல்லாத மனைவி அந்தக் காரில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போனால்கூடக் குற்றம். காரில் பயணி இல்லை, அன்று விடுமுறை என்பதெல்லாம் எடுபடாது. ஒரே கார் உள்ள குடும்பத்துக்கு இதன் பொருள் இரண்டாவது கார் ஒன்று வேண்டும், அதற்குத் தனியாக வரியும் காப்புறுதியும் வேண்டும் என்பதே. பிளேட் கட்டணத்தில் ஐம்பது பவுண்ட் மிச்சம் பிடிப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

## சொந்த ஊரில் ஹாக்னி

தரிப்பிடத்தில் நிற்கவும் தெருவில் கை காட்டுபவரை ஏற்றவும் ஹாக்னிக்கு மட்டுமே உரிமை. இதற்கான அடிப்படைச் சட்டம் 1847-இல் இயற்றப்பட்டது. குதிரை வண்டிக்காக எழுதிய சட்டத்தின் கீழ்தான் இன்றும் மின்சாரக் கார் ஓடுகிறது. அதிகபட்சக் கட்டணத்தைக் கவுன்சில் நிர்ணயிக்கும், மீட்டர் அதற்கேற்ப ஓடும். ஹாக்னி ஓட்டுபவர் முன்பதிவுப் பயணங்களையும் ஏற்கலாம், அதற்குத் தனி ஆபரேட்டர் (முன்பதிவை ஏற்று ஓட்டுநருக்கு அனுப்புபவர்) உரிமம் தேவையில்லை. யாருடைய செயலியும் டாக்சி அலுவலகமும் இல்லாமல் பிழைக்க வழியுள்ள ஒரே வகை இதுதான் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு. சொல்லிவிடுகிறேன்.

செலவு காரில் ஆரம்பிக்கிறது. பல நகரங்கள் புதிய ஹாக்னிக்குச் சக்கர நாற்காலி ஏறும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அது சாதாரணக் காரின் விலையில் வராது. சில ஊர்களுக்கு நிறமும் உண்டு. பிரைட்டனின் ஹாக்னிகள் வெள்ளை உடலும் நீலப்பச்சை முன்மூடியுமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்தோடு காரை விற்கப் போனால் யார் வாங்குவார்கள்?

அடுத்தது எண்ணிக்கை வரம்பு. ஊரில் கணிசமான தேவை நிறைவேறாமல் இருப்பதாகத் தெரியவில்லை என்றால் ஹாக்னிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம் என்று 1985-இன் போக்குவரத்துச் சட்டம் கவுன்சிலுக்கு இடம் தருகிறது. வரம்பு உள்ள ஊரில் புதிய பிளேட் கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும் காரைப் பிளேட்டோடு சேர்த்து வாங்க வேண்டும். விலையில் பெரும்பகுதி காருக்கு அல்ல, அந்தத் தகட்டுக்கு. இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். டாக்சித் தேவை பற்றிய அடுத்த கணக்கெடுப்புக்குப் பிறகு கவுன்சில் வரம்பை நீக்கிவிட்டால் கொடுத்த பணம் ஒரே கூட்டத்தில் கரைந்துபோகும், இழப்பீடும் கிடையாது. புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டாலும் ஆபத்து. உங்கள் விண்ணப்பத்தைப் புதிய விண்ணப்பமாகக் கருதி வரம்பைக் காட்டி மறுக்கலாம்.

மூன்றாவது செலவு ரயில் நிலையத்தில் காத்திருக்கிறது. ஊரிலேயே நல்ல தரிப்பிடம் ஸ்டேஷன் வாசலில்தான் இருக்கும். ஆனால் அந்த நிலம் பெரும்பாலும் ரயில்வேயுடையது. அங்கே நிற்கத் தனி அனுமதி, தனி ஆண்டுக் கட்டணம், சில இடங்களில் காத்திருப்போர் பட்டியலும் உண்டு. கவுன்சில் பிளேட் மட்டும் போதும் என்று நினைத்துப் போனால் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பெரிய ஸ்டேஷன், மருத்துவமனை, பல்கலைக்கழகம், இரவு நேரக் கடைத்தெரு உள்ள ஊரில், எண்ணிக்கை வரம்பும் இல்லையென்றால், நீண்டகாலம் இந்தத் தொழிலில் இருக்க நினைப்பவருக்கு இதுவே நல்லது. மாலை ஏழு மணிக்கு அடங்கிவிடும் ஊரில் வேண்டாம்.

## சொந்த ஊரில் பிரைவேட் ஹயர்

நம்மவர்களில் பெரும்பாலானோர் வந்து சேரும் இடம் இது. லண்டனுக்கு வெளியே 1976-இன் சட்டம் இதை ஆள்கிறது. ஓட்டுநர், வாகனம், ஆபரேட்டர் என்று மூன்று உரிமங்கள். மூன்றும் ஒரே கவுன்சில் கொடுத்ததாக இருக்க வேண்டும். இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பயணம் சட்டவிரோதம். எண்ணிக்கை வரம்பு வைக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. அதனால் பிளேட் கிடைப்பது எளிது, அதே காரணத்தால் போட்டியும் கூடுதல்.

முன்பதிவு இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சனிக்கிழமை இரவில் சறுக்குகிறார்கள். மழை பெய்கிறது, மதுக்கடை வாசலில் கார் நிற்கிறது, ஒருவர் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு "ஸ்டேஷன் வரை, பத்துப் பவுண்ட், சரியா?" என்கிறார். அவர் கவுன்சிலின் அமலாக்க அதிகாரியாகவும் இருக்கலாம். பல கவுன்சில்கள் இப்படித்தான் சோதிக்கின்றன. அந்தப் பயணத்துக்குக் காப்புறுதி செல்லாது என்பதால் காப்புறுதியின்றி ஓட்டிய குற்றமும் சேர்ந்துகொள்ளும். பத்துப் பவுண்டுக்குப் பேட்ஜே போய்விடும்.

காரைத் தேர்ந்தெடுப்பதில்தான் இங்கே பணம் அதிகம் வீணாகிறது. முதல்முறை உரிமம் பெறும் கார் இத்தனை வயதுக்குள் இருக்க வேண்டும் என்று பல கவுன்சில்கள் கேட்கின்றன. தொழிற்சாலையிலிருந்தே கறுப்புக் கண்ணாடியோடு வரும் கார்களைச் சில கவுன்சில்கள் ஏற்பதில்லை. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட போக்குவரத்துத் துறையின் வழிகாட்டி, வயது வரம்பைவிடப் புகைத் தரத்தைப் பாருங்கள், தயாரிப்பாளர் பொருத்திய கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள் என்கிறது. வழிகாட்டி வழிகாட்டிதான். சோதனை நிலையத்தில் அதை நீட்டிக் காட்டி வாதாட முடியாது. விபத்தில் சிக்கி காப்புறுதி நிறுவனம் கைவிட்ட கார்களை, பழுதுபார்த்த பிறகும், பல கவுன்சில்கள் தொடுவதில்லை. "விலை மிகவும் மலிவாக இருக்கிறதே" என்று தோன்றும் காரின் கதை பெரும்பாலும் இதுவாக இருக்கும். ராதர்ஹாம் போன்ற சில ஊர்களில் காருக்குள் கேமரா கட்டாயம். அந்தச் செலவு உங்களுடையது.

உள்ளூர்ப் பிளேட்டின் பலம் பன்முகம். செயலி ஒன்று கணக்கை முடக்கினால் அடுத்த தெருவிலுள்ள டாக்சி அலுவலகத்தில் போய்ச் சேரலாம். வாராந்தம் ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். ஆனால் பாட்டிமாரின் மருத்துவமனைப் பயணம், பள்ளிப் பிள்ளைகளின் ஒப்பந்தம் என்று செயலியில் வராத நிதானமான வேலை அங்கே உண்டு. குடும்பத்தோடு இருப்பவருக்கு, காலை எட்டு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் உறுதியாக வரும் பள்ளிப் பயணம் வெள்ளிக்கிழமை இரவைவிட மேல் என்பது என் எண்ணம்.

## வேறு கவுன்சிலின் பிளேட்

கேள்விகளில் பாதி இதைப் பற்றியது. "வோல்வர்ஹாம்ப்டனில் எடுத்துக்கொண்டு மான்செஸ்டரில் ஓட்டுகிறார்களே, சட்டப்படி சரியா?" சரிதான். மூன்று உரிமங்களும் ஒரே கவுன்சிலுடையதாக இருந்தால் பிரைவேட் ஹயர் கார் எந்த ஊரிலும் பயணியை ஏற்றலாம். 2015-இன் ஒழுங்குமுறைத் தளர்வுச் சட்டம், ஓர் ஊர் ஆபரேட்டர் தன் பதிவை இன்னோர் ஊர் ஆபரேட்டருக்கு மாற்றிவிடவும் வழி செய்தது. பெரிய செயலி நிறுவனங்கள் பல கவுன்சில்களில் ஆபரேட்டர் உரிமம் வைத்திருப்பதும் சேர்ந்து, நாட்டிலேயே அதிக பிரைவேட் ஹயர் உரிமங்களை வழங்கும் இடங்களில் ஒன்றாக வோல்வர்ஹாம்ப்டன் வளர்ந்தது. அங்கே உரிமம் பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்த ஊர்க்காரர்கள் அல்ல.

போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொந்த ஊரில் விண்ணப்பம் மாதக்கணக்கில் தூங்கும்போது, இணையத்தில் விரைவாக வேலையை முடித்துத் தரும் இடத்துக்குப் போவது மனித இயல்பு. இன்னொரு அனுகூலத்தையும் சொல்ல வேண்டும். விபத்தில் கார் அடிபட்டால், மாற்றுக் காரும் அதே கவுன்சில் பிளேட்டோடு இருக்க வேண்டும். சாதாரண இரவல் கார் வேலைக்கு ஆகாது. சின்னக் கவுன்சிலின் பிளேட்டுள்ள மாற்றுக் கார் தேடி அலைய வேண்டும். ஆயிரக்கணக்கான பிளேட் கொடுத்த கவுன்சிலுக்கு வாடகை நிறுவனங்களிடம் கார் வரிசையாக நிற்கும்.

இனி மறைந்திருக்கும் செலவு. உங்கள் ஊர் டாக்சி அலுவலகத்துக்கு அந்த வெளியூர்க் கவுன்சிலில் ஆபரேட்டர் உரிமம் இல்லையென்றால், அவர்கள் விரும்பினாலும் உங்களுக்கு வேலை தர முடியாது. ஆக, உங்கள் வருமானம் ஒன்றிரண்டு செயலிகளின் தயவில் நிற்கிறது. ஒரு பயணியின் புகாரில் கணக்கு முடங்கினால் அன்றிரவே வருமானம் பூச்சியம், பேட்ஜும் பிளேட்டும் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். பள்ளி ஒப்பந்தங்களிலும் வெளியூர்ப் பிளேட்டை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஏதாவது நடந்தால் தூரம் தெரியும். விபத்தில் கார் சேதமடைந்தால் 72 மணி நேரத்துக்குள் உரிமம் கொடுத்த கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். பிளேட் இடைநிறுத்தப்பட்டால், பழுதுபார்த்து அந்தக் கவுன்சில் திருப்திப்படும்வரை ஓட்ட முடியாது. இரண்டு மாதத்துக்குள் திருப்திப்படுத்தாவிட்டால் உரிமம் ரத்தானதாகவே கொள்ளப்படும். பிரைவேட் ஹயர் உரிமத்தை மறுத்தாலோ ரத்து செய்தாலோ 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். எதிரே நிற்கப்போவது நூறு மைல் தள்ளியிருக்கும் கவுன்சில்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது அரசியல். பிள்ளைகளைக் கும்பலாகப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குவது பற்றி 2025 ஜூனில் வெளியான லூயிஸ் கேசியின் தேசிய ஆய்வறிக்கை, வெளியூர் டாக்சி முறைக்கு முடிவு கட்டுமாறு போக்குவரத்துத் துறைக்குப் பரிந்துரைத்தது. அரசு பரிந்துரைகளை ஏற்பதாகச் சொன்னது. மான்செஸ்டர் பெருநகர மேயராக ஆண்டி பர்னம் இதே கோரிக்கையோடு பிரசாரம் செய்தார். விதி எப்போது, எந்த வடிவத்தில் மாறினாலும் காற்று வீசும் திசை தெளிவு. ஐந்து வருடத் தவணையில் வாங்கிய காரின் வருமானம் முழுவதும் இந்த ஓர் ஏற்பாட்டின்மேல் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹாக்னி பிளேட்டை இப்படி வெளியூரில் எடுப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பெர்விக்கில் எடுத்த ஹாக்னி பிளேட்டுகள் நியூகாசிலில் ஓடியது 2008-இல் நீதிமன்றம் வரை போனது. தன் எல்லைக்குள் ஓட்டும் எண்ணம் இல்லாதவருக்கு ஹாக்னி உரிமத்தை மறுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

## பிளேட் போட்ட வாடகைக் கார்

வாராந்த வாடகைக்குப் பிளேட்டோடு கிடைக்கும் கார், கணக்குப் பார்த்தால் விலை அதிகம். ஆனாலும் தொழில் ஒத்துவருமா என்று தெரியாத முதல் சில மாதங்களுக்கு இதைத்தான் சொல்வேன். காரின் பிளேட்டும் உங்கள் பேட்ஜும் ஒரே கவுன்சிலுடையதா, காப்புறுதி வாடகைக்குள் வருமா, விபத்தில் உங்கள் தலையில் விழும் முதல் தொகை எவ்வளவு, மைல் வரம்பு உண்டா? இந்த நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோயில் படுத்தாலும் ஊருக்குப் போனாலும் வாடகை ஓடும். வருடக்கணக்கில் இப்படி ஓட்டுபவர் பிறருடைய காரைக் கட்டி முடித்துக்கொடுக்கிறார்.

## லண்டன் வேறு கதை

ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் வாசகர்களுக்கு: உங்கள் பரோ கவுன்சில் டாக்சி உரிமம் தருவதில்லை. டிஎஃப்எல்தான். லண்டன் ஆபரேட்டர் ஏற்கும் செயலி வேலைக்கு லண்டன் காரும் லண்டன் பேட்ஜும் வேண்டும். லண்டனுக்கு வெளியே வாட்ஃபோர்டில் பிளேட் எடுத்து லண்டனுக்குள் வெம்பிளிச் செயலி வேலை பார்க்கும் யோசனை கைகொடுக்காது.

2023 ஜனவரி 1 முதல், முதல்முறையாக உரிமம் பெறும் பிரைவேட் ஹயர் கார் புகையில்லாமல் ஓடும் திறன் கொண்டதாக இருக்க வேண்டும். பழைய டீசல் காரோடு உள்ளே வர வழியில்லை. 2019 ஏப்ரலில், சக்கர நாற்காலி ஏறும் வசதியில்லாத பிரைவேட் ஹயர் கார்களுக்கான நெரிசல் கட்டண (நகர மையத்துக்குள் ஓட்டும் கார்களுக்கான கட்டணம்) விலக்கும் போய்விட்டது. கறுப்பு டாக்சிக்கு (லண்டனின் ஹாக்னி) அது தொடர்கிறது. அதற்கு ஈடாகக் கறுப்பு டாக்சிக்காரர் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள தெருக்களை மனப்பாடம் செய்யும் 'நாலெட்ஜ்' தேர்வுக்கு வருடங்களைக் கொடுக்கிறார், பிறகு கறுப்பு டாக்சி ஒன்றின் விலையையும் கொடுக்கிறார்.

குடும்பத்துக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 1998-இன் லண்டன் சட்டத்தில், கார் வேலையில் இருக்கும்போது மட்டுமே ஓட்டுநருக்கு பேட்ஜ் கட்டாயம். காப்புறுதி இடம்கொடுத்தால், ஓய்வு நாளில் வீட்டார் காரை எடுக்கலாம். லண்டனுக்கு வெளியே ஸ்லாவில் இருப்பவருக்கு இல்லாத சலுகை லண்டனுக்குள் ஹேய்ஸில் இருப்பவருக்கு இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | ஹாக்னி, சொந்த ஊர் | பிரைவேட் ஹயர், சொந்த ஊர் | பிரைவேட் ஹயர், வெளியூர்ப் பிளேட் | லண்டன் பிரைவேட் ஹயர் |
|---|---|---|---|---|
| தரிப்பிடம், தெருவோரம் | ஊர் எல்லைக்குள் உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| வேலை வரும் வழி | தரிப்பிடம், முன்பதிவு | அலுவலகம், செயலி, ஒப்பந்தம் | பெரும்பாலும் செயலி | செயலி, அலுவலகம் |
| பயணக் கட்டணம் | கவுன்சிலின் உச்சவரம்பு | ஆபரேட்டர் | ஆபரேட்டர் | ஆபரேட்டர் |
| வீட்டார் ஓட்டலாமா | பேட்ஜ் இருந்தால் மட்டும் | பேட்ஜ் இருந்தால் மட்டும் | பேட்ஜ் இருந்தால் மட்டும் | வேலையில்லாத நேரத்தில் |
| பெரிய மறைசெலவு | காரின் விலை, பிளேட்டுக்கான உபரி விலை, ஸ்டேஷன் அனுமதி | காரின் வயது, கண்ணாடி, கேமரா | செயலியை நம்பியிருப்பது, விதி மாற்றம் | நெரிசல் கட்டணம், காரின் தரம் |

புகைக் கட்டணம் எந்தக் கவுன்சிலின் பிளேட் என்று பார்ப்பதில்லை. பர்மிங்காமின் தூய காற்று வலயத்தில் தகுதியில்லாத டாக்சிக்கு நாளொன்றுக்கு 8 பவுண்ட். பாத், ஷெஃபீல்ட் நகரங்களில் சொந்தக் காருக்குக் கட்டணமே இல்லை, டாக்சிக்கு உண்டு. பெற்றோலுக்கு யூரோ 4, டீசலுக்கு யூரோ 6 என்ற புகைத் தரத்தைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. கல்யாணத்துக்கு அலங்கரித்த காரில் மணமக்களை ஏற்றிச் செல்பவர்களுக்கு அந்த வேலைக்கு உரிமம் தேவையில்லை, சட்டமே விலக்கு தந்திருக்கிறது. அதே காரில் முந்தின நாள் ஹீத்ரோவிலிருந்து விருந்தினரைக் கட்டணத்துக்கு ஏற்றினால் அந்த விலக்கு பொருந்தாது. மண்டபக்காரர் சொன்னார் என்று இறங்க வேண்டாம்.

கவுன்சிலைத் தீர்மானித்த பிறகு, அதன் உரிமப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காரின் பதிவு எண், முதலில் பதிவான தேதி, யூரோ தரம், பின்கண்ணாடி கறுப்பா, முன்பு விபத்தில் கைவிடப்பட்ட கார் என்ற பதிவு உண்டா என்பவற்றை எழுதி, "இந்த வாகனத்துக்கு முதல்முறை உரிமம் கிடைக்குமா, அடுத்த மூன்று ஆண்டுகளில் வாகனக் கொள்கையை மாற்றும் யோசனை கவுன்சிலின் முன் இருக்கிறதா?" என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பதிலுக்கு மூன்று வாரம் எடுத்தால், அந்த அலுவலகத்தில் உங்கள் பிளேட்டைப் புதுப்பிக்க எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.